எறும்பின் நினைவுப் படம்

சாரை சாரையாகச் செல்லும் எறும்புகள், முன்சென்றவை விட்ட மணத்தைப் பின்பற்றுகின்றன. ஆயினும் எல்லா எறும்புகளும் அவ்வாறு செல்வதில்லை. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் அமைந்துள்ள மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் வாழும் தாவும் எறும்பு, பகலில் தனியாகவே இரை தேடும். பெரிய கண்களால் இரையைக் கண்டு, அதன்மீது பாய்ந்து பற்றும். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ஜெர்டன், 1851ஆம் ஆண்டில் இதனை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார்.

தனித்துச் செல்லும் எறும்பு புற்றுக்குத் திரும்புவது எவ்வாறு? கண்ட காட்சியை நினைவில் வைத்தே பல எறும்புகள் வழி அறிகின்றன. பாலைவன எறும்பு முதன்முறை வெளியே வரும்போது, புற்றைச் சுற்றி நடந்து, இடையிடையே நின்று புற்றைத் திரும்பி நோக்கும். சுற்றுப்புறத்தை அது அவ்வாறே கற்கிறது.

வேனர், ரேபர் ஆகிய ஆய்வாளர்கள், அவ்வெறும்பின் புற்றருகே இரண்டு கருநிற உருளைகளை நட்டனர். பின்பு புற்றில்லாத வேறோர் இடத்தில் உருளைகளை அதே அமைப்பில் வைத்தனர். எறும்புகள் அவற்றின் நடுவே புற்றைத் தேடி அலைந்தன. இம்முடிவு 1979இல் வெளியாயிற்று.

அடர்ந்த காட்டில் தொலைவிலுள்ள பொருள்கள் தெரியா. அங்கு வாழும் ஆப்பிரிக்க எறும்பு ஒன்று, தலைக்கு மேலுள்ள மரக்கிளைகளின் வடிவத்தை நினைவில் கொள்கிறது. ஹோல்டாப்ளர் என்பவர், கிளைகளின் நிழற்படத்தை அவ்வெறும்புகளுக்கு மேலே வைத்துத் திருப்பினார். எறும்புகளும் திசை மாறின. இது 1980இல் வெளியான ஆய்வாகும்.

காட்டில் ஒரு மரம் வீழ்ந்தால், நிழல் மட்டும் மறைவதில்லை; ஒரு சிற்றுயிர் வீடு திரும்பும் அடையாளமும் மறையக்கூடும்.

சிந்தித்து எழுதுக: நீங்கள் வீட்டிற்கு வரும் வழியை எந்த அடையாளங்களால் அறிகிறீர்கள்?