நன்றியறிதலும் நற்படம் காண்டலும்

பிறர் உதவியைப் பெறுதல் எல்லார்க்கும் இயல்பாக நிகழ்வது. அவ்வுதவியை அறிதலோ பயின்று பெறவேண்டிய பண்பு. நம் மொழி வழக்கே இதற்குச் சான்று பகரும். திருக்குறளின் பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல் எனப் பெயர் பெற்றது. செய்த நன்மை முன்னது. அதனை அறிதல் பின்னது. கண்ணிற் படாத உதவியை அறிதல் அரிது. அறியாத உதவிக்கு நன்றி பாராட்டுதல் அதனினும் அரிது. ஆதலின், நன்றியுணர்வை வளர்க்க விரும்புவோர் முதலிற் கண்ணைப் பழக்குதல் வேண்டும். அப்பழக்கத்திற்குத் திரைப்படம் எவ்வாறு துணையாகும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரைப்படமா நற்பண்பை வளர்ப்பது எனப் பெற்றோரும் ஆசிரியரும் ஐயுறுதல் கூடும். அவ்வையம் காரணமற்றதன்று. படமாளிகையை நாடாமலே, கைத்தொலைபேசியிற் பல படங்களின் துணுக்குகளை விரலாற் தள்ளிக்கொண்டு செல்லும் காலம் இது. பட்டினத்து மாடி வீட்டிலும் கஹவத்தைத் தோட்டத்து லயன் அறையிலும் இந்நிலை ஒன்றே. இவ்வாறு காண்பவர் உள்ளத்தில் எதுவும் தங்குவதில்லை, கண்ணே களைப்படைகின்றது. பார்த்தல் வேறு, நோக்குதல் வேறு. தொல்காப்பியர் செய்யுளின் உறுப்புக்களுள் ஒன்றாக நோக்கு என்பதனை வைத்தார். கேட்போனை மேலே செல்லவிடாது நிறுத்தி, மீட்டும் கருதச் செய்வது அது என உரையாளர் விளக்குவர். செய்யுளுக்கு உரிய அந்நோக்கினைத் திரைக்கும் உரித்தாக்குவோமாயின், பொழுதுபோக்கு என நாம் இகழும் அதுவே உள்ளத்திற்குப் பயிற்சியாகிவிடும்.

நன்றியுணர்வுக்கும் நல்வாழ்வுக்கும் உள்ள தொடர்பை இக்கால உளவியலாரும் ஆய்ந்துள்ளனர். அமெரிக்க அறிஞர் றொபேட் எமன்ஸ், மைக்கல் மக்கலோ ஆகிய இருவரும் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இத்துறையிற் பெரிதும் பேசப்படுவது. அதில் மாணாக்கருள் ஒரு சாரார் தாம் நன்றி பாராட்டத்தக்கவற்றுள் ஐந்து வரை வாரந்தோறும் எழுதி வந்தனர். இன்னொரு சாரார் தமக்குற்ற தொல்லைகளை எழுதி வந்தனர். பத்து வாரங்களின் முடிவில், முன்னையோர் தம் வாழ்வைக் குறித்துக் கூடிய மனநிறைவு உடையவராயும், உடலுபாதைகளைக் குறைவாகக் கூறுவோராயும் காணப்பட்டனர். பிறர் செய்யும் நற்செயலைக் காணுமிடத்து நெஞ்சு நெகிழ்ந்து, தாமும் நன்மை செய்ய விழையும் உணர்ச்சி ஒன்று உண்டென்பதை யொனதன் ஹைற் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். இவை நோய் தீர்க்கும் மருந்தல்ல. ஆயினும், உள்ளத்தை எப்பக்கம் திருப்புகின்றோமோ அப்பக்கத்தே அது வளரும் என்பதற்குப் போதிய சான்றுகளாம்.

இனி, நோக்கிக் காண்டல் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். விற்றோறியோ டி சிக்கா என்னும் இத்தாலிய இயக்குநர் 1948 ஆம் ஆண்டில் ‘சைக்கிள் திருடர்கள்’ என்னும் படத்தை எடுத்தார். அதன் தலைமைப் பாத்திரத்தை ஏற்றவர் தொழில்முறை நடிகரல்லர்; தொழிற்சாலை ஊழியர். போரின் பின் வேலையற்றுத் திரிந்த தந்தை ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கின்றது. அதற்குச் சைக்கிள் வேண்டும். அதுவோ அடைவு கடையில் உளது. அவன் மனைவி படுக்கை விரிப்புக்களை ஈடு வைத்து அதனை மீட்கச் செய்கின்றாள். முதல் நாளே சைக்கிள் களவு போகின்றது. தந்தையும் சிறுவனும் உரோமை நகரெங்கும் அதனைத் தேடி அலைகின்றனர்.

விரைந்து காண்போர் சைக்கிள் கிடைத்ததா என்பதை மட்டும் வினவுவர். நோக்கிக் காண்போரோ அடைவு கடையில் விரிப்பு மூட்டையுடன் உயரமான தட்டுக்களில் ஏறும் ஊழியனைக் காண்பர். அத்தட்டுக்களில் அத்தகைய மூட்டைகள் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. ஒரு தாயின் ஈகையைக் காட்டிய படம், அக்கணத்தில் ஒரு நகரத்துத் தாய்மார் அனைவரின் ஈகையையும் காட்டிவிடுகின்றது. அதனைக் கண்ட மாணாக்கன் ஒருவனுக்குத் தன் படிப்புச் செலவுக்காக அடைவு கடைக்குச் சென்ற தன் தாயின் தோடு நினைவுக்கு வருமாயின், அப்படம் தன் பணியைச் செய்துவிட்டது என்க. படத்தின் முடிவிலோ, தானும் திருட முயன்று பிடிபட்டு நாணி நிற்கும் தந்தையின் கையைச் சிறுவன் பற்றிக்கொள்கின்றான். வென்ற தந்தைக்கு நன்றி பாராட்டுதல் எளிது. தோற்ற தந்தையின் கையைப் பற்றுதலே நன்றியறிதலின் முதிர்ந்த நிலை.

தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்ட படங்களும் நமக்கு உள. இலங்கையில் ‘தோட்டக்காரி’ 1963 ஆம் ஆண்டிலும், வி. பி. கணேசன் தயாரித்த ‘புதிய காற்று’ 1975 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. தமிழகத்தில் 2013 ஆம் ஆண்டில் பாலா இயக்கி வெளிவந்த ‘பரதேசி’, ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றிய பி. எச். டானியல் 1969 ஆம் ஆண்டில் எழுதிய ஆங்கில நாவலைத் தழுவியது. வறண்ட சிற்றூருக்கு வரும் கங்காணி இன்சொற் கூறி, முற்பணமும் தருகின்றான். ஊரார் அவனை உபகாரியெனப் போற்றிப் பின்தொடர்கின்றனர். மலையை அடைந்தபின், கணக்குத் தீர்க்கும் நாளில் அவ்வுபகாரமே விலங்காகி அவர்களைப் பிணிக்கின்றது.

நன்றியறிதலைக் கற்பிப்போர் இவ்விடத்தே ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. தொழிலாளி ஒருவர் வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பின், அவர் பெயரில் எழுதப்பட்ட கடனைப் புதிய தோட்டம் செலுத்துதல் வேண்டும். அக்கடனைக் குறித்த தாளே துண்டு. 1921 ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், கடனை நன்றியென்று கூறி ஏழையைத் தலைகுனிய வைக்கும் வழக்கம் எங்கும் முற்றாக ஒழிந்ததெனக் கூறுதற்கில்லை. கடன் பிறரால் நம்மீது எழுதப்படுவது. நன்றி நம் உள்ளத்தில் நாமே எழுதுவது. கடன் வாயை அடைக்கும். நன்றி வாயைத் திறக்கும். தோட்டத்துப் பிள்ளைக்கு நன்றியைப் போதிக்கும் ஆசிரியர், அடங்கி நடத்தலைப் போதித்தலாகாது. முறையான கூலியைக் கேட்பவர் நன்றி மறந்தவராகார்.

அங்ஙனமாயின் நம் நன்றி யாருக்கு உரியது? நடந்தும் கடல் கடந்தும் வந்து காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்க்கும், மழையிலும் கொழுந்து பறிப்பவர்க்கும், விடியலில் றப்பர் மரத்திற் பால் வெட்டச் செல்பவர்க்கும் முதற்கண் உரியது. மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டு 2023 இல் நினைவுகூரப்பட்டது. விழாக்கள் முடிந்தபின்னும் அந்நினைவு நிலைபெற, இத்தகைய படங்களை நோக்கிக் காண்டல் உதவும்.

அதற்குரிய முறைகள் எளியன. காணும் படம் ஒன்றாக இருத்தல் வேண்டும். அதனை இடையறாது ஒரே அமர்விற் காணுதல் வேண்டும். காணும்போது முகங்களை மட்டுமன்றிக் கைகளையும் நோக்குக. சமைப்பதும் சுமப்பதும் துடைப்பதும் எவர் கை என அறிக. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்து செல்லற்க. பொதுவாக ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்களாக ஓடும் காட்சிக்குப் பின்னே விளக்குப் பிடித்தவர், தச்சர், தையற்காரர், சமையற்காரர் எனப் பலர் உழைத்துள்ளனர். தேநீர்க் கிண்ணத்தை ஏந்துவோர்க்குக் கொழுந்து பறித்த கை தெரியாதது போலவே, படம் காண்போர்க்கும் இவர்களைத் தெரிவதில்லை. அப்பெயர்களைப் படித்து முடிக்கும்வரை அமர்ந்திருத்தல் சிறு மரியாதையே; எனினும், காணப்படாத உழைப்பைக் காணும் பழக்கத்திற்கு அது நல்ல தொடக்கம்.

பின்னர், மூன்று வினாக்களுக்கு விடை எழுதுக. இக்கதையில் யார் யாருக்கு உதவினர்? பெற்றவர் அதனை அறிந்தனரா? அத்தகைய உதவியை எனக்குச் செய்தவர் யார்? மூன்றாம் வினாவுக்கு விடையாக வந்தவர் உயிருடன் இருப்பின், அவரிடம் சென்று அதனைச் சொல்லுதல் வேண்டும். ஏட்டில் எழுதியது அவர் செவிக்கு எட்டும்போதுதான் அறிதல் நிறைவுறுகின்றது.

பாடசாலைகளிலே தவணைக்கு ஒரு படமேனும் இவ்வாறு காட்டி உரையாட இடமளித்தல் அரிய செயலன்று. அதற்கு வேண்டுவன ஒரு திரையும் இரண்டு மணி நேரமும் பொறுமையுடைய ஓர் ஆசிரியரும் மட்டுமே. தம்மை வளர்த்த கைகளை அறிந்த மாணாக்கர் அக்கைகளைக் குறித்து நாணார். அவற்றுக்கு உரியதைக் கேட்கவும் அஞ்சார்.