பூசணிப் பிஞ்சு வெம்பி விழுவது ஏன்?

கொடி செழித்துப் படர்கின்றது, பூவும் நிறையப் பூக்கின்றது, பிஞ்சோ மஞ்சளித்து விழுந்துவிடுகின்றது. இரவல் காணியில் கொட்டில் போட்டிருக்கும் குடும்பங்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. பசளை போதாதென்று கடன்பட்டுப் பசளை வாங்குவோரும் உளர். முதலில் விழுந்த பிஞ்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. புழு இல்லையேல், பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். மகரந்தம் பாரமானது, ஒட்டும் தன்மையுடையது; காற்றில் பறக்காது. தேனீதான் சுமந்து வரவேண்டும். பூவோ விடியலில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும்.

கத்தரியின் கதை வேறு. அதன் மகரந்தம் சிறு துவாரமுள்ள பைகளில் அடைபட்டிருக்கும். பூவைப் பற்றிப்பிடித்து உடலை அதிரச் செய்யும் கருவண்டும், வயிற்றில் நீலக் கோடுள்ள சிறு தேனீயுமே அதை நன்கு உதிர்க்கும். கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. புடோலுக்கு இரவில் வரும் அந்துப்பூச்சி வேண்டும்.

பற்றை வெட்டி வெளியாக்கிய காணியில் இவற்றுக்கு இருப்பிடமில்லை. பயிர் பூக்காத மாதங்களில் உணவுமில்லை. ஆகவே வேலியோரம் ஆவரசு, தும்பை, துளசி ஆகியவற்றை மாரி மழையோடு விதையுங்கள். ஆவரசு விதையின் தோல் கடினமானது. கல்லில் உரசி ஓர் இரவு ஊறவைத்தால் முளைக்கும். அதன் மஞ்சள் பூவைக் கருவண்டு தேடி வரும். கதியாலாக முருங்கைத் தடி ஊன்றலாம். மரம் நடக் காணிக்காரர் முகம் சுளிக்கக்கூடும். தும்பைக்கு யாரும் வழக்குப் பேசமாட்டார்கள். திரும்பவும் இடம் மாற நேர்ந்தால் விதையை ஒரு சீலை முடிச்சில் கொண்டுபோகலாம்.

கருவண்டு கொட்டில் வளையைத் துளைக்கின்றதென்று அடித்துக் கொல்வோர் உண்டு. வேலியில் பட்ட கொம்பொன்றைக் கட்டிவிட்டால் அதில் குடியேற இடமுண்டு. நீலக்கோட்டுத் தேனீ மண்ணில் வளை தோண்டுவதால், கொத்தாத ஒரு துண்டு நிலத்தை விட்டுவையுங்கள். கிருமிநாசினி தெளித்தே ஆகவேண்டுமெனில் பொழுதுபடும் வேளையில், பூவில் படாமல் தெளியுங்கள்.

இச்செடிகள் பூக்கும்வரை பூசணிக்கு உங்கள் கையே தேனீ. காலை 9 மணிக்கு முன் புதிதாய் விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவிலுள்ள தண்டைப் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும்.