மார்கழியில் வாங்கிய கூலர் கச்சானைத் தாங்குமா?

ஆடி மாதம், பிற்பகல் இரண்டு மணி. திருகோணமலையில் கச்சான் காற்று அனலாய் வீசுகிறது. கணினியில் வீடியோ தொகுக்க உட்கார்ந்தால் உள்ளே காற்றாடி இரைகிறது. சற்று நேரத்தில் வேலையும் மந்தமாகிறது. சூடு எல்லையைத் தொட்டால் புரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பல இன்டெல் புரொசெசர்களுக்கு அந்த எல்லை 100 பாகை செல்சியஸ்.

புரொசெசரைக் குளிர்விக்கும் கூலர் வாங்குவோர் ஏமாறுவது ஒரு சின்னக் கணக்கில். ‘முழுச் சுமையிலும் 70 பாகை’ என்று விமர்சனம் சொல்லும். சோதித்த அறை 21 பாகை என்றால், புரொசெசர் அறையைவிட 49 பாகை கூடச் சூடாகியிருக்கிறது. அதே கூலர் நம்மூர் 33 பாகை அறையில் ஏறக்குறைய 82 காட்டும். கணக்கில் எடுக்க வேண்டியது அந்த வித்தியாசத்தைத்தான்.

சத்தமும் அப்படியே. பெட்டியில் உள்ள டெசிபல் எவ்வளவு தூரத்தில், காற்றாடியின் எந்த வேகத்தில் அளந்தது என்று கேளுங்கள். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கும்.

பூட்டிய வாரத்திலேயே சோதியுங்கள். சினிபெஞ்ச் போன்ற மென்பொருளை அரைமணி நேரம் ஓட்டி, புரொசெசர் சூட்டையும் அறைச் சூட்டையும் திகதியோடு குறியுங்கள். அளவு மிக மோசமாக இருந்தால் முதலில் கூலரைக் கழற்றிப் பாருங்கள்: அடித்தகட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டுவோர் உண்டு.

பூட்டியதில் பிழை இல்லாமலும் சொன்ன தரம் இல்லையென்றால் சட்டம் உதவும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், தவறாக வழிநடத்தி விற்பதைத் தடுக்கிறது. உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளுக்கு நட்டஈடோ, மாற்றுப் பொருளோ, பணமோ தரும்படி அதிகாரசபை கட்டளையிடலாம். ஆலோசனைக்கு 1977ஐ அழைக்கலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, பெட்டி, உங்கள் அளவுக் குறிப்பு நான்கையும் பத்திரப்படுத்துங்கள். சத்தம் பிடிக்கவில்லை என்பது மட்டும் போதாது. சொன்னதற்கும் தந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட வேண்டும்.

முறைப்பாட்டுக்கான காலம் விற்பனை நாளிலிருந்து மூன்று மாதம். மார்கழி மழையில் வாங்கிய கூலர் பங்குனி வரை சாதுவாகவே ஓடும். கச்சான் வரும்போது தவணை முடிந்திருக்கும். ஆகவே மழைக்காலத்திலேயே வித்தியாசத்தை அளந்து, அதோடு 33ஐக் கூட்டிப் பாருங்கள். ஆடியில் வரப்போகும் சூடு மார்கழியிலேயே தெரிந்துவிடும்.