விமான நிலையத்தில் ஒரு காப்பி

ஊரிலிருந்து திடீரென்று செய்தி வருகிறது. இரவும் பகலும் ரயிலில் செல்ல அவகாசமில்லை. விடியற்கால விமானத்துக்கு நடுநிசியிலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறோம். சோதனைகள் எல்லாம் முடிந்து நாற்காலியில் அமரும்போதுதான் பசி தெரிகிறது. எதிரே காப்பிக் கடை. விலைப்பலகையை ஏறிட்டுப் பார்த்த பெரியவர், "எனக்கு ஒன்றும் வேண்டாம், பசியில்லை" என்கிறார். அவர் மறுப்பது பசியின்மையால் அன்று என்பதை உடன் செல்பவர் அறிவார்.

விலை ஏன் அவ்வளவு? விமான நிலையத்தில் கடை வைப்போர் பெருந்தொகையை வாடகையாகவோ வருவாயில் பங்காகவோ செலுத்துகின்றனர். உள்ளே வரும் பொருளும் பணியாளும் காவல் சோதனைக்கு உட்பட வேண்டும். இச்செலவெல்லாம் கடைசியில் நம் கோப்பையில்தான் வந்து விழுகிறது.

இக்குறை நாடாளுமன்றத்திலும் எழுப்பப்பட்டது. இந்திய விமான நிலைய ஆணையம் 2024 டிசம்பரில், கல்கத்தா விமான நிலையத்தின் நூற்றாண்டையொட்டி, 'உடான் யாத்ரி கஃபே' என்னும் மலிவு விலைச் சிற்றுண்டிக் கடையை அங்கே திறந்தது. தேநீர் 10 ரூபாய், காப்பி 20 ரூபாய், சமோசா 20 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய் என்பது திறந்தபோது இருந்த விலை. 2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்திலும் இத்தகைய கடை திறக்கப்பட்டது. நம் அன்பர்கள் பலர் இதனை அறியாமலே கடந்து போகின்றனர். சோதனைக்குச் செல்லுமுன் அது எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொள்வது நலம்.

மலிவு விலைக் கடை இல்லாத நிலையங்களும் பல உள. அங்கே நமக்குக் கைகொடுப்பது பழைய வழக்கமே. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லிப் பொட்டலத்தைக் கையோடு கொண்டு செல்லத் தடையில்லை. சாம்பார், சட்னி போன்ற நீர்ப்பதமானவை சோதனையில் நிறுத்தப்படலாம். அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுவது உத்தமம். வெறும் பாட்டிலைக் கொண்டுபோனால், உள்ளே குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம்.

காப்பியின் சுவையில் நேரத்தை மறந்துவிடுதலும் கூடாது. புறப்பாட்டுக்கு ஏறத்தாழ 25 நிமிடம் முன்னதாகவே விமானத்துக்குச் செல்லும் வாயிலை மூடிவிடுவது வழக்கம். கோப்பையைக் கையில் எடுக்குமுன் வாயில் எண்ணையும் நேரத்தையும் பார்த்துக்கொள்க.

அறியவேண்டிய உரிமை ஒன்றும் உண்டு. இரண்டரை மணி நேரம் வரையிலான உள்நாட்டுப் பயணத்தில், புறப்பாடு 2 மணி நேரத்துக்கு மேல் தாமதிக்குமாயின், உரிய நேரத்தில் வந்து காத்திருக்கும் பயணிகளுக்கு விமான நிறுவனம் உணவும் சிற்றுண்டியும் இலவசமாக அளித்தல் வேண்டும் என்பது அரசு விதி. அதைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டா.

பிழைப்பை நாடித் தொலைவில் குடியேறிய நாம் ஊருக்குச் செல்லும் நாட்கள் சிலவே. மகிழ்ச்சிக்கோ துக்கத்துக்கோ செல்லும் அந்நாளில், முதியவர் எவரும் விலைப்பலகைக்கு அஞ்சி வெறும் வயிற்றோடு விமானம் ஏறுதல் ஆகாது. அடுத்த முறை அவர் "பசியில்லை" என்றால், மறுபடி கேளாமல் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் கொடுங்கள்.