பிடோக் நீர்த்தேக்கம்: சைக்கிளில் வருவோருக்கு

நீங்கள் பார்க்கும் இந்த நீர்ப்பரப்பு முன்பு மணல் தோண்டிய குழி. 1986இல் நீர்த்தேக்கமானது. சுற்றியுள்ள வீவக பேட்டைகளில் பெய்யும் மழையும் வடிகால் வழியே பிடித்து இங்கே சேர்க்கப்படுகிறது.

கரையை ஒருமுறை சுற்றினால் சுமார் 4.3 கிலோமீட்டர். வடக்கே தெம்பனிஸ். நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாமா என்ற சோதனை 2007இல் அங்குதான் தொடங்கியது. 2010இல் சட்டப்படி அனுமதி கிடைத்தது. கைப்பிடியில் மார்க்கெட் பையை மாட்டிக்கொண்டு எம்ஆர்டி நிலையம் போகிறவர்களுக்குத்தான் அதனால் பெரிய பயன். பந்தய வேகக்காரர்களுக்கு அல்ல.

பூங்கா இணைப்புப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10. முன்னால் நடப்பவர்களைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, மணியடித்துச் செல்லுங்கள்.