புயல் மாதத்தில் வரும் 'எதிர்நோக்கு': திருவருகைக்காலம் நம்ம ஊரில் என்ன சொல்கிறது?

பாரதியாரின் 'குயில் பாட்டு' பிறந்த இடமாகச் சொல்லப்படுவது கருவடிக்குப்பம் குயில் தோப்பு. 1916 நவம்பரில் பெரும்புயல் புதுச்சேரியைப் புரட்டிப்போட்டபோது பாரதி இந்த நகரத்தில்தான் இருந்தார். புயலைப் பற்றி எழுதியவர், 'பிழைத்த தென்னந்தோப்பு' என்று இன்னொரு கவிதையும் எழுதினார்.

108 வருஷம் கழித்து, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இதே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கும் அதிக மழை. மறுநாள் டிசம்பர் 1, கத்தோலிக்கத் திருச்சபையின் நாட்காட்டியில் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. அன்று ஏற்றும் முதல் மெழுகுவர்த்தியை 'எதிர்நோக்கு' என்று சொல்வது வழக்கம். (சீர்திருத்தச் சபைகளில் இதையே 'நம்பிக்கை' என்பார்கள்.)

தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். பருவம் அப்படியில்லை. ஐரோப்பாவில் டிசம்பர் என்றால் பகல் சுருங்கி இருட்டு நீளும் காலம்; கிறிஸ்துமஸ் அதன் நடுவே வரும் வெளிச்சம். ஈஸ்டர் அங்கே வசந்தத்தில் வரும். புதுச்சேரிக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. இங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம், புயல் சீசன். 2011-ல் தானே புயல் அடித்தது கிறிஸ்துமஸ் முடிந்து ஐந்தாம் நாள். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஈஸ்டர் வருவதோ வெயில் ஏறும் பங்குனி, சித்திரையில். இலை உதிர்த்த வேப்பமரம் துளிர்த்துப் பூப்பதும் அப்போதுதான். நம்ம ஊர் வசந்தம் அவ்வளவுதான்.

சரி, பருவங்களைப் பற்றி பைபிள் என்ன சொல்கிறது? நோவா காலத்து வெள்ளம் வடிந்ததும், விதைப்பும் அறுவடையும், குளிரும் வெப்பமும் மண்ணுலகம் உள்ளவரை ஓயாது என்று கடவுள் வாக்களிக்கிறார் (தொடக்கநூல் 8:22). வெட்டிய மரம்கூட மறுபடி துளிர்க்கலாம் என்கிறார் யோபு (14:7). ஆறுதல் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வசனத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். மூணு வசனம் தள்ளி அவர் கசந்துபோய்க் கேட்பதை யாரும் வாசிப்பதில்லை: மனுஷன் செத்தால் அப்படி எழுவதில்லையே? மரத்திடம் இதற்குப் பதில் கிடையாது. கிறிஸ்தவம் தரும் பதில் இயேசுவின் உயிர்ப்பு. வேப்பந்துளிர் அதற்கு அடையாளமே தவிர, ஆதாரம் இல்லை.

கடல் சூடாகி, ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டும் இந்தக் காலத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை. பருவத்தின் மேலேயே நம்பிக்கை வைத்தவருக்கு, பருவம் தப்பினால் எல்லாமே போச்சு. இறைவாக்கினர் அபக்கூக்கு அந்த நிலையிலிருந்துதான் பேசுகிறார்: அத்திமரம் பூக்காவிட்டாலும், வயல் விளையாவிட்டாலும், தொழுவம் காலியானாலும் ஆண்டவரில் மகிழ்வேன் (3:17-18). 'எல்லாம் தானா சரியாயிடும்' என்ற பேச்சே அதில் இல்லை.

கையைக் கட்டி உட்கார்ந்திருப்பதும் இதற்கு அர்த்தமில்லை. பூமியைப் பேணுவது விசுவாச வாழ்வுக்கு வெளியே உள்ள வேலை அல்ல என்றது, போப் பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல். அந்தக் கணக்கில் பார்த்தால், அடுத்த மழைக்குள் வாய்க்காலைத் தூர்வாருவதும் ஊசுடு ஏரிக்கரையைக் காப்பதும்கூட திருவருகைக்காலத் தயாரிப்பில் சேரும்.