சொட்டு மருந்தும் வேணும், ஊசியும் வேணும்



பதுளைப் பக்கத் தோட்டங்களில் கிளினிக் நாளில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "போலியோவுக்குச் சொட்டு மருந்து குடுத்தாச்சே, பொறகு ஏன் ஊசியும் போடுறாங்க?"

நோய் ஒன்றுதான். ஆனால் மருந்து இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன.

சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, ஆனால் பலம் குறைக்கப்பட்ட கிருமி. பல்லுப் பிடுங்கின பாம்பு மாதிரி. அது குடலில் பெருகி, அங்கேயே காவல் உண்டாக்கும். போலியோ மலத்தின் வழியாகப் பரவும் நோய். கானும் கக்கூசும் பல வீட்டுக்குப் பொதுவாக உள்ள லயங்களில் இந்தக் காவல் மிக அவசியம்.

ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட கிருமி. செத்த பாம்பு. அது பெருகாது, நோயும் தராது. ஆனால் உடம்பு அதை அடையாளம் கண்டு, இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். கிருமி நரம்பைத் தாக்காமல் அது தடுக்கும்.

போலியோக் கிருமி 3 வகை. பலம் குறைத்த கிருமி மிக அபூர்வமாகத் திரும்பவும் பலம் பெறலாம். அதனால் 2016 ஏப்ரலில் 2ஆம் வகை சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்டது. இப்போது அந்த வகைக்கு ஊசியே காவல்.

இலங்கையில் 1993க்குப் பின் போலியோ நோயாளி இல்லை. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் நோய் இன்னும் இருக்கிறது. எனவே 2ஆம், 4ஆம் மாதங்களில் இரண்டையும், பிறகு வரும் சொட்டு மருந்துகளை அட்டைப்படியும் தவறாமல் கொடுங்கள். லேசான சளி இருந்தாலும் கூட்டிட்டு வாங்க. திகதி தவறியிருந்தால் பயப்படாமல் உடனே வாங்க. முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை.

ஒரு நாள் பேர் போனால் பிறகு உழைக்கலாம். பிள்ளையின் கால் போனால் திரும்பி வராது.